ரேஞ்சுக்குப் போகும் முன்: தோட்டா, விசா, சென்னைக்குத் திரும்பும் பை

சென்னையிலிருந்து அமெரிக்கா வந்து சில வாரம்கூட ஆகியிருக்காது, ஆபீஸில் யாராவது "சனிக்கிழமை ரேஞ்சுக்கு வர்றீங்களா?" என்று துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குக் கூப்பிடுவார்கள். கூடவே, தான் வீட்டில் கையால் நிரப்பிய தோட்டா ஒரு டப்பா தருவதாகவும் சொல்வார்கள். எந்தத் தோட்டா நல்லது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு), பி-2 (சுற்றுலா) போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, ஒற்றைத் தோட்டா வைத்திருப்பதும் மத்தியச் சட்டப்படி குற்றம். உச்சபட்சத் தண்டனை 15 ஆண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை அரைமணி நேரம் பிடிப்பதும் "வைத்திருப்பது" கணக்கில்தான் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா கையில் போட்டோவுக்காகக்கூடக் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

இனி தோட்டா. கூடு, பிரைமர் (அடித்தால் பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, தலை (பாய்ந்து செல்லும் குண்டு) என்று நாலே பொருள். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, பழைய பிரைமரைத் தள்ளி, கூட்டை அளவுக்கு அமுக்கி, புதுப் பிரைமர் வைத்து, மருந்தை அளந்து கொட்டி, தலையை அழுத்திப் பொருத்துவதுதான் ரீலோடிங். தூரத்து இலக்கை ரைஃபிளில் குறிவைப்பவர்களுக்கும், கடையில் கிடைக்காத பழைய அளவுகளைச் சுடுபவர்களுக்கும் அது பொறுமையான, பயனுள்ள கலை. மாதம் 50 தோட்டா டப்பா ஒன்று தீர்ப்பவருக்கு, பிரஸ் (கூட்டை அமுக்கும் கருவி), தராசு வாங்கிய காசே திரும்பி வராது.

மருந்தைக் கிரெயினில் அளப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். 9 எம்எம் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில கிரெயின்தான் தேவை. அதனால் மறதியாக இரண்டு முறை கொட்டினாலும் பல மருந்துகள் கூட்டுக்குள் அடங்கிவிடும், வெளியே தெரியாது. தலையைக் கொஞ்சம் ஆழமாக அமுக்கிவிட்டாலும் உள்ளழுத்தம் எகிறும். இதற்கு நேர்மாறு, மருந்தே விழாத தோட்டா. பிரைமரின் வேகத்தில் மட்டும் தலை நகர்ந்து குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். "டமால்" வராது, "டப்" என்று அமுங்கிய சத்தம், கையில் உதை இருக்காது. பழக்கதோஷத்தில் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டவுடன் விரலை விசையிலிருந்து எடுத்து, குழலை இலக்குப் பக்கமே வைத்து, தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டு ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். "கிளிக்" மட்டும் கேட்டால் 30 விநாடி அசையாமல் காத்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம்.

ஆகவே அடுத்தவர் கையால் நிரப்பியதை, அவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், வாங்காதீர்கள். பல துப்பாக்கிக் கம்பெனிகள் அப்படிப்பட்ட தோட்டாவால் வரும் சேதத்துக்கு வாரன்டி தருவதில்லை. வாடகைத் துப்பாக்கிக்குத் தங்களிடம் வாங்கிய கம்பெனித் தோட்டாவைத்தான் போட வேண்டும் என்று பல ரேஞ்சுகளில் விதியும் உண்டு.

பயிற்சிக்கு 115 கிரெயின் எடையுள்ள (இது மருந்தின் அளவல்ல, தலையின் எடை), முழு உலோக உறை போட்ட தலை போதும். டப்பாவில் இருப்பதையும் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்: 9 எம்எம் லூகர் வேறு, 9 எம்எம் மக்காரோவ் வேறு; .380 என்ற வேறொரு அளவையும் சிலர் 9 எம்எம் ஷார்ட் என்பார்கள். சாதாரண 9 எம்எம் தோட்டாவின் அழுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), கூடுதல் அழுத்தமுள்ள "பிளஸ் பி" என்றால் 38,500. உங்கள் துப்பாக்கி கையேடு அனுமதித்தால் மட்டும் அதைப் போடுங்கள்.

தற்காப்புக்கு நுனியில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் தலை, 124 அல்லது 147 கிரெயின் எடை. நம்மூர் மாதிரி செங்கல் சுவர் இங்கே இல்லை; அப்பார்ட்மென்ட் சுவர் பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். முழு உறைத் தலை அதைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்கே போகும். ஹாலோ பாயின்ட் உடலில் பட்டால் விரியும், ஆனால் குறி தப்பினால் அதுவும் சுவரைத் தாண்டும். நியூஜெர்சியில் இதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு உண்டு. தற்காப்புக்குக் கையால் நிரப்பியதை வைக்கவே கூடாது. வழக்கு என்று வந்தால், எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது என்பதை மருந்துத் துகளை வைத்துச் சோதிப்பார்கள். கம்பெனித் தோட்டா டப்பாவில் லாட் நம்பர் இருக்கும், அதே வகையை வாங்கிச் சோதிக்கலாம். உங்கள் தோட்டாவில் எவ்வளவு மருந்து இருந்தது என்பதற்கு உங்கள் பேச்சைத் தவிர ஆதாரம் கிடையாது.

பிரைமர் புகையில் ஈயம் இருக்கும். குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை, முகம் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

லீவுக்குச் சென்னை போகும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப், லைனிங் கிழிசல், ஜீன்ஸின் குட்டிப் பாக்கெட், ஷூவுக்குள் என்று எல்லாவற்றையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். சுட்ட வெற்றுக் கூடு ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியும், விசாரணை வரும். உயிருள்ள தோட்டா என்றால் மீனம்பாக்கத்தில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரியாமல் பையில் கிடந்தது என்று நிரூபணமானால் உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதுவரை விமானமும் லீவும் வேலையும் காத்திருக்காது. அமெரிக்காவிலேயே கண்ணில் பட்டால் போலீஸின் அவசரமில்லாத எண்ணைக் கூப்பிட்டு ஒப்படையுங்கள். சென்னை வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் குப்பையில் போடாதீர்கள், திரும்பும் பையிலும் வைக்காதீர்கள். வக்கீலிடம் பேசி, அவரோடு உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படையுங்கள்.