முதல் விடுமுறைக்கு பினாங்கு: மலேசியாவுக்குப் படிக்கப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து கோலாலம்பூருக்குப் படிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரப் பயணம். ஹாஸ்டல், சிம் கார்டு, வங்கிக் கணக்கு இதற்கெல்லாம் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகமே வழி சொல்லிவிடும். அவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்ததும், வகுப்பில் பழக்கமான மூன்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பினாங்குக்குப் போய்வாருங்கள். நம்ம ஊர் வீடுகளில் நிற்கும் பர்மா தேக்குத் தூணுக்கும் தரையில் பதித்த இத்தாலி மார்பிளுக்கும் பணம் வந்த வழிகளில் பினாங்கும் ஒன்று. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஒரு நாள் நடந்துவிட்டால் மலேசியா அந்நிய நாடாகத் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். ஐயாவிடமோ அப்பத்தாவிடமோ கேளுங்கள்: நம்ம வீட்டில் யார் கப்பலேறினார்கள், எந்த ஊரில் கடை, கடையின் விலாசம் என்ன? நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளை மட்டும் சொல்லவில்லை. சமையலுக்கும் கடை வேலைக்கும் கூடப் போன குடும்பங்களும் நம் பக்கம் உண்டு. 1926-ல் கட்டிய ரஜுலா கப்பல் சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியது. அந்தப் பெயரைச் சொன்னாலே பேச ஆரம்பித்துவிடுகிற பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போனால் பார்க்கிற தெரு வேறாகத் தெரியும்.

அப்புறம் காகித விஷயம். புதிதாக வந்தவர்களின் பாஸ்போர்ட்டை மாணவர் பாஸ் (படிக்கத் தங்குவதற்கான அனுமதி) வேலைக்காகப் பல்கலைக்கழகம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது கையில் இல்லாத நாட்களில் ஊர் சுற்றப் போவதென்றால், பாஸ்போர்ட் அலுவலகத்தில்தான் இருக்கிறது என்று எழுதிய கடிதமும் ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டலில் கேட்பார்கள், வழியில் போலீஸும் கேட்கலாம். ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக உண்டு. பதறவேண்டாம், அது அரசு வரி. (அங்கே நம்மவர்கள் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்பார்கள். பத்து வெள்ளி என்றால் அதுதான்.) நண்பர்களில் யாராவது “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அப்படியே தாய்லாந்து எல்லை தாண்டி வரலாம்” என்று கிளம்பினால், மாணவர் பாஸ் முடிவாகாதவர்கள் தயவுசெய்து போகாதீர்கள்.

பஸ்ஸை விட ரயில் நல்லது. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் என்ற விரைவு ரயில் ஏறினால், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலிருக்கும் பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நீண்ட விடுமுறைக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே போட்டு வையுங்கள். பட்டர்வொர்த்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஃபெர்ரித் துறை. 1985-ல் திறந்த பெரிய பாலம் இருக்கிறது, கிராப் டாக்ஸி பிடித்து அதில் போய்விடலாம்தான். ஆனால் முதல் தடவை கடல் வழியாகவே போங்கள். நம் முன்னோர் அந்த ஊரைப் பார்த்ததும் கடலிலிருந்துதான். தீவில் இறங்கியதும் கேட் என்ற இலவசப் பேருந்து துறைமுகத்திலிருந்து பழைய நகரத்தைச் சுற்றி ஓடுகிறது.

இனி நடை. 1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த தீவு இது. வரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்ததால் சீனர், தமிழ் முஸ்லிம்கள், செட்டியார்கள், அரபிகள், ஆர்மீனியர்கள் எல்லோரும் வந்து கடை போட்டார்கள். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. காலை ஏழரைக்கெல்லாம் ஆரம்பித்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது, மதியத்துக்குப் பிறகு மழை வரும். கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது. நம்ம திண்ணைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்ட மாதிரி இருக்கும். நிழல் அங்கேதான்.

சுற்றுலாக் கூட்டம் முதலில் ஓடுவது ஆர்மீனியன் தெருச் சுவரோவியத்துக்கு. எர்னஸ்ட் சகாரெவிச் 2012-ல் வரைந்தது, சைக்கிளில் இரண்டு பிள்ளைகள். அழகுதான், ஆனால் படமெடுக்க நிற்கும் வரிசையில் காலை நேரம் முழுக்கக் கரைந்துவிடும். அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, காலையில் நேராக பினாங்குத் தெருவுக்குப் போங்கள்.

இங்கேதான் கிட்டங்கிகள், அதாவது நகரத்தார் வட்டிக்கடைகள் சேர்ந்து நடந்த கட்டடங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண நீளக் கடைவீடு. உள்ளே ஒரே கூடத்தில் வரிசையாகப் பல கடைகள். ஒரு கடைக்கு ஒரு பெட்டி, தரையில் உட்கார்ந்து எழுதச் சின்ன மேசை, பின்னால் அலமாரி. பகலெல்லாம் அந்த இடத்தில் கொடுக்கல் வாங்கல், இரவில் அதே இடத்தில் படுக்கை. கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. மேலாளுக்குத் தவணை மூன்று வருஷம். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, கணக்கு முடித்து ஊர் திரும்பி, பிறகு மறுபடி கப்பல். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் கணக்காக வீடு கட்டியவர்கள் இங்கே ஒரு பாய் அகலத்தில் வாழ்ந்தார்கள். நம்ம வளவு வீட்டின் பிரமாண்டத்தைப் பார்த்து வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் அதன் இன்னொரு பாதியை ஒரு முறையாவது பார்க்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கூட வரும் நண்பர்களுக்கு இதையெல்லாம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். புது ஊரில் எல்லாவற்றையும் பிறரிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் உங்களுக்கு, சொல்லிக்கொடுக்கிற இடம் கிடைப்பது பெரிய தெம்பு.

அங்கிருந்து எல்லாமே நடக்கிற தூரம். குவீன் தெருவில் 1833-ன் மகா மாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி 1801-ல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் உண்டு. பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் போகவேண்டாம். மற்ற நேரங்களில் போர்த்திக்கொள்ள அங்கியும் கொடுப்பார்கள். கோயில்கள் மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நேரம் இருந்தால் கூ கொங்சி. கூ குலத்தாரின் மண்டபம் அது, மரச் செதுக்கலுக்காகவே பார்க்கலாம். ஒன்பது கோயில் வழியாகக் குலம் சொல்லும் நகரத்தார் பிள்ளைகளுக்கு, சீன நண்பர் தன் குலத்தைப் பற்றிச் சொல்வது உடனே பிடிபடும். கரையோரம் கடல் மேல் கால் நட்டுக் கட்டிய சியூ ஜெட்டி வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். நம்ம ஊரில் கேமராவோடு வளவுக்குள் நுழைகிறவர்களைப் பார்த்துச் சங்கடப்பட்டிருப்பீர்கள் அல்லவா, அங்கே நீங்கள் அப்படி நடந்துகொள்ளாதீர்கள்.

சாப்பாடு: நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பக்கூடாது. தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் காவுத்தடி சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு. “பஞ்ஜிர்” என்று சொன்னால் நாலைந்து குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். கறி, முட்டை, வெண்டைக்காய் எல்லாம் தனித்தனிக் கணக்கு, எடுப்பதற்கு முன் விலை கேளுங்கள். சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி என்று சொல்லிக் கொடுப்பதிலும் சம்பலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். சந்தேகமாக இருந்தால் லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் தெருப் பக்கம் சைவக் கடைக்குப் போய்விடுங்கள். சீனக் கடைகளின் சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்வது வழக்கம். கூட வரும் முஸ்லிம் நண்பருக்காக நீங்களே முன்கூட்டிக் கேட்டுவிடுவது மரியாதை. தேநீர் எப்போதும் பாகாக இனிக்கும், “குராங் மானிஸ்” என்றால் சர்க்கரை குறைப்பார்கள்.

பணம் ஒருவர் செலவழித்து மற்றவர் பிறகு தருவது என்று விடாதீர்கள். அன்றன்றைக்கு இரவே கணக்குப் பார்த்துவிடுங்கள். புது நட்பு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாம் நாள் காலை தண்ணீர்மலை. 1857-ல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அங்கே இருக்கிறது. மேலே மலைக்கோயிலுக்கு 500-க்கு மேற்பட்ட படிகள். தைப்பூசத்தின்போது பினாங்குத் தெரு கோயில்வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு இங்கே வரும். வழியெல்லாம் சீனர்களும் சேர்ந்து குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி போகும் அந்த நாட்களில், ஊரை நினைத்து மனம் அடித்துக்கொள்ளும். அப்போது ஹாஸ்டலில் உட்கார்ந்திராமல் இங்கே வந்துவிடுங்கள். அறை மட்டும் இரண்டு மாதம் முன்பே பிடித்துவிடவேண்டும்.

திரும்பும்போது வீட்டுக்கு வாங்குவதற்கு ஜாதிக்காய். பினாங்கில் விளைவது, தைலமாகவும் ஊறுகாய்போலவும் கிடைக்கும். அப்பத்தா கோடாலித் தைலம்தான் கேட்பார், அதைச் சுற்றுலாக் கடையில் வாங்கவேண்டாம், கோலாலம்பூரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.