நட்ட பழமரத்தின் முழுப்பெயரைக் கண்டுபிடித்து எழுதி வைப்பது எப்படி?

நெல்லி என்று நினைத்து ஒரு கன்று வாங்கி நட்டேன். மூன்று வருஷம் கழித்து, கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக, வரிவரியான மஞ்சள் காய்கள் வந்தன. அது அரைநெல்லி. இரண்டுமே நல்ல மரம்தான். ஆனால் நான் காத்திருந்தது பெருநெல்லிக்காக. கன்றாக இருக்கும்போதே இலையைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்: பெருநெல்லியின் இலை புளிய இலை போலப் பொடிப்பொடியாக இருக்கும், அரைநெல்லிக்கு அகலமான முட்டை வடிவ இலை. பழமரம் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு உரம், தண்ணீருக்கு முன்னால் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

ஒரு மரத்தின் முழுப்பெயர் என்பது மூன்று அடுக்கு: ஊர் வழக்கில் உள்ள பெயர், தாவரவியல் பெயர், ரகத்தின் பெயர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: வழக்கில் உள்ள பெயர்களையெல்லாம் எழுதுங்கள்

ஒரே பழத்துக்குப் பல பெயர் இருக்கும், ஒரே பெயரில் பல பழமும் இருக்கும். பப்பாளியை இலங்கையில் பப்பாசி என்பார்கள். இது தொல்லையில்லை. ஆபத்து இரண்டாவது வகையில்தான். 'அத்தி' என்று கேட்டால், அடிமரத்திலேயே கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியும் வரலாம், விரல் விரித்தாற்போல் சொரசொரப்பான இலை கொண்ட சீமை அத்தியும் வரலாம். உலர்த்தி விற்கும் அத்திப்பழம் சீமை அத்தியில் வருவது. 'முந்திரி' என்றால் கொட்டை தரும் மரம், முன்னால் 'கொடி' சேர்ந்தால் அது திராட்சை. 'சீத்தா' என்ற ஒரு சொல்லுக்குள் சாதாரண சீத்தா, ராம்சீத்தா, முள்சீத்தா மூன்றும் இருக்கின்றன.

ஆகவே முதல் பெயரோடு நிறுத்தாதீர்கள். 'இதுக்கு வேற பேர் இருக்கா?' என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

படி 2: தாவரவியல் பெயரைச் சேருங்கள்

இது இரண்டு சொல் கொண்டது. முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் தமக்குத் தெரிந்த தாவரங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு சொல் பெயர் கொடுத்தார். அந்த முறைதான் இன்றும் உலகம் முழுக்க.

சீத்தாக்களை இதில் வைத்துப் பாருங்கள். சீத்தா அனோனா ஸ்குவாமோசா, ராம்சீத்தா அனோனா ரெட்டிகுலாட்டா, முள்சீத்தா அனோனா மூரிகேட்டா. முதல் சொல் ஒன்றாக இருப்பதால் நெருங்கிய உறவு என்று தெரிகிறது, இரண்டாவது சொல் வேறு வேறு மரம் என்கிறது. நெல்லிகளும் இப்படித்தான்: பெருநெல்லி ஃபில்லாந்தஸ் எம்பிளிகா, அரைநெல்லி ஃபில்லாந்தஸ் ஆசிடஸ்.

தாவரவியல் பெயரும் சில நேரம் மாறும். பழைய நூல்களில் பெருநெல்லி எம்பிளிகா அஃபிசினாலிஸ் என்று இருக்கும். மரம் அதேதான், குழம்ப வேண்டாம்.

படி 3: ரகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மா என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். அது நீலமா, அல்போன்சாவா என்பதில்தான் சுவை, காய்க்கும் காலம், மரத்தின் உயரம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மல்லிகா, ஆம்ரபாலி என்று இரண்டு மா ரகங்கள். இரண்டுக்கும் பெற்றோர் நீலமும் தசேரியும்தான். மல்லிகாவுக்கு நீலம் தாய், ஆம்ரபாலிக்குத் தசேரி தாய். ஆனால் ஆம்ரபாலி குட்டையாக நின்று சின்ன இடத்துக்குத் தோதாக இருக்கும், மல்லிகா அதைவிடப் பெரிதாகும். ரகத்தின் பெயர் தெரியாமல் நட்டால் இடைவெளி எவ்வளவு விடுவது என்றே முடிவு செய்ய முடியாது.

ரகங்களுக்கும் மாற்றுப்பெயர் உண்டு. கிளிமூக்கு, தோத்தாபுரி, பெங்களூரா மூன்றும் ஒரே மாங்காய். கொய்யாவில் லக்னோ 49-உம் சர்தாரும் ஒன்றே. 'மூணு ரகம் வச்சிருக்கேன்' என்று சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

சரி, ரகம் எப்படி மாறாமல் தொடர்கிறது? ஒட்டு மூலம், அதாவது அந்த ரகத்தின் கிளைத்துண்டை இன்னொரு கன்றின் தண்டில் பொருத்தி வளர்ப்பதன் மூலம். ஹாஸ் என்ற அவகாடோ ரகத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ருடால்ஃப் ஹாஸ் என்ற கலிஃபோர்னியத் தபால்காரர் விதை போட்டு வளர்த்த ஒரு கன்றில் வேறு ரகத்தை ஒட்ட முயன்றார். ஒட்டுப் பிடிக்கவில்லை, கன்றை அப்படியே விட்டுவிட்டார். அதில் வந்த பழம் அருமையாக இருக்கவே 1935-இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் உள்ள ஹாஸ் மரங்கள் எல்லாம் அந்த ஒரு மரத்தின் கிளை வழி வந்தவை. தாய்மரம் 2002-இல் பட்டுப்போனது, ரகம் இருக்கிறது.

ஹாஸ் பழத்தின் கொட்டையைப் போட்டால் ஹாஸ் வராது, புதிதாக ஒரு மரம்தான் வரும். மாவிலும் பெரும்பாலும் இப்படியே. ஆனால் சில மா ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும்.

படி 4: கன்றை உற்றுப் பாருங்கள்

ஒட்டுக்கன்று என்றால் தண்டின் அடிப்பகுதியில் ஒட்டுப் போட்ட இடம் தெரியும். அங்கே லேசாக வீங்கியோ வளைந்தோ இருக்கும், பட்டையின் நிறமும் மேலும் கீழும் மாறும். விரலால் தடவினாலே புடைப்பு தட்டுப்படும். அதற்கு மேலே இருப்பது நீங்கள் கேட்ட ரகம், கீழே இருப்பது வேர்ச்செடி.

ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனே கிள்ளிவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் இது எளிதில் பிடிபடும். மூவிலை ஆரஞ்சை வேர்ச்செடியாக வைத்திருந்தால், அடியிலிருந்து வரும் தளிரில் மூன்று மூன்றாக இலை இருக்கும், மேலே ஒற்றை இலை. விட்டால் அடித்தளிர் மேலேறி நல்ல ரகத்தை அமுக்கிவிடும்.

படி 5: துணை வேண்டுமா என்று கேளுங்கள்

பெரும்பாலான ஆப்பிள் ரகங்களுக்குப் பக்கத்தில் வேறொரு ஆப்பிள் ரகம் பூத்தால்தான் நன்றாகக் காய்க்கும். பப்பாளியில் சில ரகங்களுக்கு ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. சில ரகங்களில் ஒரே பூவில் இரண்டும் இருக்கும். ரகத்தின் பெயர் கையில் இருந்தால் இதை ஒரு நிமிஷத்தில் தேடித் தெரிந்துகொள்ளலாம்.

படி 6: எழுதிக் கட்டுங்கள்

இப்படி எழுதினால் போதும்:

மா – மாஞ்சிஃபெரா இண்டிகா – 'மல்லிகா' – ஒட்டுக்கன்று – நட்ட தேதி

ரகத்தின் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடுவது தாவரவியல் வழக்கம். மார்க்கர் பேனா வெயிலில் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் சீட்டில் பென்சிலால் எழுதினால் நெடுநாள் நிற்கும். அதைவிட நல்லது மெல்லிய அலுமினியத் தகட்டில் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவது. எழுத்து பள்ளமாகப் பதிந்துவிடும், மழையும் அழிக்காது. அப்புறம் இதையே ஒரு நோட்டிலும் எழுதி, எந்த மரம் எங்கே நிற்கிறது என்று சின்ன வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டைத் தண்டில் இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கி மரத்தையே நெரித்துவிடும். பக்கக் கிளையில் தளர்வாக மாட்டி, வருஷத்துக்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்டுங்கள்.