பைசாந்திய மொசைக்கில் புனிதர்களைப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

பைசாந்தியம் என்பது கிழக்கு ரோமப் பேரரசு; மொசைக் என்பது சிறு சில்லுகளைச் சுவரில் பதித்துச் செய்யும் படம். அதில் ஒருவருடைய தலைக்குப் பின்னால் பொன் வட்டம் இருந்தால் அவர் புனிதர்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இத்தாலியின் ராவென்னாவில், 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியனுக்கும் அரசி தியோடோராவுக்கும் ஒளிவட்டம் உண்டு. இருவரும் அப்போது உயிரோடு இருந்தவர்கள். அது அரச பதவிக்கான அடையாளம். ஜஸ்டினியன் பக்கத்தில் சிலுவையோடு நிற்கும் ஆயர் மாக்சிமியன்தான் பிற்காலத்தில் புனிதராக வணங்கப்பட்டவர். அவருக்கு வட்டமே இல்லை, தலைக்கு மேல் பெயர் மட்டும் இருக்கிறது. ரோமில் சாந்தா பிராசெதே தேவாலயத்தில் போப் முதலாம் பாஸ்கலின் தலைக்குப் பின்னால் நீலச் சதுரம் ஒன்று தெரியும். படம் செய்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதற்கான குறி அது.

அடுத்தது, 'எல்லா முகமும் ஒரே மாதிரி' என்று கடந்துபோவது. இதில்தான் இழப்பு அதிகம். ராவென்னாவிலேயே உள்ள சாந்த் அப்போலினாரே நுவோவோவில் ஒரு சுவரில் 26 ஆண் புனிதர்கள், எதிர்ச்சுவரில் 22 கன்னியர் வரிசையாக நடக்கிறார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளை உடைகளுக்கு நடுவே லாரன்ஸ் பொன்னிற அங்கியில் வருகிறார். ஆக்னஸின் காலடியில் ஆட்டுக்குட்டி. ஆண்களுக்கு முன்னால் ஊதாப் போர்வையில் போகிறவர் மார்ட்டின். வரிசையில் மற்றவர்கள் மறைசாட்சிகள், அதாவது நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர்கள். ஆனால் மார்ட்டின் மறைசாட்சியே அல்ல, 397இல் இயற்கையாக இறந்தவர். அப்புறம் எப்படி முதலிடம்?

பதில் அந்தச் சுவரின் வரலாற்றில் இருக்கிறது. முழுச் சுவரும் ஒரே காலத்தில் செய்தது என்று நினைப்பதும் தவறுதான். இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் மன்னர் தியோடோரிக். அவர் ஆரியப் பிரிவைச் சேர்ந்தவர்; இது ஆரியுஸ் என்ற குருவின் பெயரால் வந்த, இயேசு தந்தையாகிய கடவுளுக்குச் சமமானவர் அல்ல என்று சொன்ன கிறிஸ்தவப் பிரிவு. பைசாந்தியர் ஊரைப் பிடித்த பின், 561 வாக்கில், பழைய உருவங்களை எடுத்துவிட்டுப் புனிதர் வரிசையைப் பதித்தார்கள். தேவாலயத்தையும் ஆரியக் கொள்கையை எதிர்த்த மார்ட்டின் பெயருக்கே மாற்றினார்கள் (இப்போதைய பெயர் பிறகு வந்தது). ஆனாலும் அழிப்பு முழுமையாக நடக்கவில்லை. ஆண்களின் வரிசை தொடங்கும் இடத்தில் உள்ள அரண்மனைப் படத்தில், ஆட்கள் நின்ற இடத்தைத் திரைச்சீலைகளால் மூடியிருக்கிறார்கள். தூண்களின் மேல் மட்டும் அவர்களுடைய கைகள் அப்படியே நிற்கின்றன. சுவரில் இதைத் தேடாமல் வெளியே வந்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புவது. பொன் சில்லு என்பது கண்ணாடி மேல் மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, அதன் மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலம் போட்டது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் அவற்றைச் சற்றே வெவ்வேறு சாய்வில் பதித்திருப்பார்கள். பத்தடி நகர்ந்தால் மங்கிய பொன் மின்னும், மின்னியது மங்கும். பிளாஷ் போட்டால் இந்த ஆட்டம் மொத்தமும் போய்விடும், தட்டையான மஞ்சள்தான் மிஞ்சும். அனுமதி இருந்தாலும் பிளாஷ் வேண்டாம். மெதுவாக நடந்தபடி பாருங்கள்.