நேட்டால் போன தாத்தாவைத் தேடும் வழி

முதலில் மரபணுச் சோதனைக்கான எச்சில் குப்பியை ஓரமாக வையுங்கள். காகிதத்தில் தொடங்குங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் அதன் எதிரே தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். எங்கள் பூட்டனின் அண்ணனுக்கு ‘தென்னாற்காடு, திண்டிவனம், பூதூர்’ என்றிருந்தது. பூதூர் என்றால் புதூர். தெருவுக்கொரு புதூர் இருக்கிற நாட்டில்!

இங்கேதான் பழைய வரைபடம் வேண்டும். அன்றைய தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என மூன்றாகிவிட்டது. கைப்பேசி வரைபடத்தை நம்பி நான் போய் நின்றது வேறொரு புதூரில். பிறகுதான் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான பழைய சர்வே தாளை விரித்தேன். பாட்டி சொன்ன ஏரிக்கரையும் ஐயனார் கோயிலும் சேர்ந்திருந்த புதூர் ஒன்றுதான்.

மரபணுச் சோதனை அதற்கப்புறம். ஊரை அது சொல்லாது, உறவைச் சொல்லும். வீட்டில் மூத்தவருக்கே முதலில் எடுங்கள். எச்சில் தருவதற்கு அரை மணி முன்பிருந்து வாயில் எதுவும் போடக் கூடாது; அத்தையின் வெற்றிலையை நிறுத்தியதுதான் பெரும்பாடு. ஒரே தாத்தா பாட்டிக்கு வெவ்வேறு பிள்ளைகள் வழி வந்த பேரப்பிள்ளைகளிடம் சராசரியாக 12.5 சதவீதம் மரபணு பொருந்தும். ஆனால் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய குடும்பங்களில் அந்த எண் ஊதிக் காட்டும். நேட்டாலின் துறைமுக நகரான டர்பனில் கிடைத்த ‘நெருங்கிய’ சொந்தத்தை இரண்டு தலைமுறை தள்ளியே வையுங்கள்.