ரேடியோ காலர்: மாட்டும் முன்பே கழற்றுவதை யோசியுங்கள்

சமீபத்தில் ஓர் இளம் ஆய்வுக் குழு தங்கள் திட்டத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தது. ஆறு ஆண் கடமான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிபிஎஸ் காலர் (விலங்கு எங்கே இருக்கிறது என்பதைப் பதியும் கழுத்துப் பட்டை), கால் மணிக்கு ஒரு இடப்பதிவு. காலரைக் கழற்றுவது பற்றி மட்டும் ஒரே வரி: "ஆய்வு முடிந்ததும் மீண்டும் மயக்க ஊசி போட்டு அகற்றப்படும்." படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏறக்குறைய இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்.

காலரை அணைத்து வைத்திருக்கும் காந்தத்தை எடுக்காமலே மாட்டிவிடுவது, அலைவரிசை எண்ணைத் தப்பாகக் குறிப்பது, போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விடுவது, இவற்றையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு முறை பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். நன்றாகத் தயார் செய்துகொண்டு போகிறவர்களும் விழுகிற குழிகளைப் பற்றித்தான் இது.

பேட்டரி முழுவதையும் தரவுக்கே கொடுத்துவிடுவது

காலருக்குள் இருக்கும் பேட்டரிக்கு இரண்டு வேலை. ஜிபிஎஸ் வழியாக இடத்தைப் பதிய வேண்டும். விஎச்எஃப் என்ற ரேடியோ சிக்னலை விடாமல் அனுப்ப வேண்டும். முதலாவது ஆய்வுக்கு. இரண்டாவது, ஆண்டெனாவோடு நடந்துபோய் அந்த விலங்கைக் கண்டுபிடிக்க. பல காலர்களில் இரண்டுக்கும் ஒரே பேட்டரிதான். இந்த ஒரு விஷயத்தை மறந்துதான் எங்கள் பழைய ஆய்வில் நாங்கள் பதிவு அட்டவணை போட்டோம்.

கால் மணிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 96 பதிவு. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் 6. பதிவு 16 மடங்கு என்பதற்காக மின்செலவும் அப்படியே 16 மடங்கு ஆகிவிடாது. இடைவெளி நீண்டால் செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தைக் காலர் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் கூடுதல் நேரம் விழித்திருக்கும். ஆனாலும் மொத்தக் கணக்கில் கால் மணிப் பதிவு பேட்டரியைக் குடித்துவிடும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்காமல் காலர் தேடிக்கொண்டே இருக்கும்போது செலவு இன்னும் ஏறும். தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் எந்த மாதிரி இடத்தில் சோதித்த கணக்கு என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

நாங்கள் காலர் மாட்டியது இன்னும் முழு வளர்ச்சி வராத ஓர் ஆண் கடமானுக்கு. பழைய கொம்பு உதிர்ந்து புதுக்கொம்பு தோலோடு இருந்த சமயம். கழுத்து ஒல்லியாக இருந்தது. மயங்கிப் படுத்திருந்த நிலையில் அளந்து, "சரி, இவ்வளவு இடம் போதும்" என்று முடிவு செய்தோம். 14 மாதம் ஓடும் என்று நம்பிய பேட்டரி ஒன்பதாம் மாதத்திலேயே நின்றது. ஜிபிஎஸ் நின்றது, விஎச்எஃப் சிக்னலும் நின்றது. அப்போதுதான் இணைசேரும் பருவம் தொடங்கியிருந்தது. ஆண் மான்களுக்கு அந்தப் பருவத்தில் கழுத்து நன்றாகத் தடிக்கும். வளரும் வயது வேறு.

சில வாரம் கழித்துத் தானியங்கிக் கேமராவில் ஒரு படம் விழுந்தது. பிடரி மயிருக்குள் காலர் புதைந்திருந்தது. அதன் கீழ் விளிம்பில் முடி உதிர்ந்து, ஈரமாக ஒரு புண்.

கழற்றத்தான் வேண்டும். ஆனால் எங்கே போய்த் தேடுவது? சிக்னல் இல்லாத காலர் வெறும் பட்டைதான். தண்ணீர் குடிக்கும் இடங்களிலும் உப்பு நக்கும் இடங்களிலும் மூன்று பேர் மாறி மாறிக் காத்திருந்தோம். அது கண்ணில் பட ஏழு வாரம் ஆனது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டுக் காலரை அறுத்து எடுத்தபோது அதன் உள்பக்கத்தில் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மான் பிழைத்தது. அந்த ஏழு வாரமும் அது பட்ட வலிக்குக் காரணம் எங்கள் அட்டவணை.

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்: எங்களிடம் 20,000க்கும் மேல் புள்ளிகள் இருந்தன, அவற்றில் பெரும்பகுதி தேவையே இல்லை. எங்கள் கேள்வி, பருவத்துக்குப் பருவம் அந்த மான் எவ்வளவு பரப்பில் திரிகிறது என்பது. நாளுக்கு ஆறு பதிவே அதற்குத் தாராளம். 1961இல் யெல்லோஸ்டோனில் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் கிரிஸ்லி கரடிகளுக்கு ரேடியோ காலர் மாட்டியபோது ஜிபிஎஸ் கிடையாது. சிக்னலைப் பின்தொடர்ந்து நடந்தே கரடிகளின் குளிர்காலக் குகைகள் வரை போனார்கள்.

அதனால் அட்டவணை போடும்போது முதலில் எழுத வேண்டியது கழற்றும் தேதி. அந்தத் தேதிக்குப் பிறகும் சில மாதம் விஎச்எஃப் சிக்னல் ஓடும் அளவுக்குப் பேட்டரியை ஒதுக்குங்கள். மீதியைத்தான் ஜிபிஎஸ்ஸுக்குப் பிரிக்க வேண்டும். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு சிக்னலை மட்டும் அனுப்பும்படி அமைக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். குறித்த நாளில் தானாகத் திறந்து காலரை விழவைக்கும் பூட்டுகள் உண்டு, கட்டாயம் போடுங்கள். ஆனால் அவையும் சில சமயம் சிக்கிக்கொள்ளும். பட்டையின் நடுவே ஒரு துண்டு பருத்தித் துணியையும் சேர்த்துத் தையுங்கள். வெயிலிலும் மழையிலும் அது நைந்து என்றாவது அறுந்துவிடும். நாள் சொல்ல முடியாது, ஆனால் வேறு எல்லாம் கைவிட்ட பிறகும் அது ஒன்று வேலை செய்யும். இளம் ஆண் விலங்கு என்றால் விரிந்துகொடுக்கும் பட்டைதான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்த விலங்கை விட்டுவிட்டு வளர்ந்த பெண் விலங்கைத் தேர்ந்தெடுங்கள். தளர்வாக மாட்டினால் போதுமே என்று நினைக்க வேண்டாம். தொங்கும் காலரில் முன்னங்கால் மாட்டிக்கொள்ளும்.

அந்த இளம் குழுவிடம் இதையெல்லாம் சொன்னேன். நான்கு மணி இடைவெளிக்கு மாற்றிக்கொண்டார்கள். பருத்தித் துணி விஷயத்தில் மட்டும் இன்னும் தயங்குகிறார்கள், பாதியில் அறுந்து தரவு போய்விடுமே என்று. போகட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சிக்னல் வந்த திசையை அப்படியே நம்புவது

மலைப் பகுதியில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பும். ஆண்டெனாவில் அதிகச் சத்தம் வரும் திசையில் விலங்கு இல்லாமல் ஒரு செங்குத்துச் சுவர் மட்டும் இருக்கலாம். ரிசீவரின் ஒலியளவைக் குறைத்துக் கேளுங்கள். சில நூறு மீட்டர் தள்ளிப்போய் மறுபடி கேளுங்கள். குறைந்தது மூன்று இடத்திலிருந்து திசை எடுக்க வேண்டும், அதுவும் குறுகிய நேரத்துக்குள், ஏனென்றால் விலங்கு நடந்துகொண்டிருக்கிறது. 2 கிலோமீட்டர் தூரத்தில் 5 டிகிரி பிசகினால் சுமார் 175 மீட்டர் தள்ளிப் போய்விடும். வரைபடத்தில் போடும் இரண்டு திசைக்கோடுகள் குறுகலான கோணத்தில் வெட்டிக்கொண்டால் பிழை இன்னும் பெருகும்.

பதிவு இல்லாத இடத்தை, விலங்கு போகாத இடம் என்று எண்ணுவது

ஜிபிஎஸ் பதிவுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறுவதில்லை. ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்காட்டிலும்தான் அதிகம் தவறும். விலங்கு பகலில் ஒதுங்கிப் படுக்கும் இடங்களும் பெரும்பாலும் அவைதான். வரைபடத்தைப் பார்த்தால் அது புல்வெளியிலேயே வாழ்வதுபோல் இருக்கும். மாட்டும் முன், ஒவ்வொரு வகை நிலத்திலும் காலரை ஒரு கம்பத்தில் விலங்கின் கழுத்து உயரத்தில் கட்டிச் சில நாள் ஓடவிடுங்கள். எங்கே எத்தனை பதிவு தவறுகிறது என்பது அப்போது தெரியும்.

முதல் சில நாள் தரவு

மயக்கம் தெளிந்த விலங்கு தன் இயல்பில் இருக்காது. தனியாக எடுத்து வையுங்கள்.

இறப்பு சிக்னல் கேட்டால்

விலங்கு நெடுநேரம் அசையாமல் இருந்தால் காலர் அனுப்பும் சிக்னல் அது. அன்றே போங்கள்.

அலைவரிசை எண்

காலரைப் படம் எடுத்துப் பகிரும் முன் அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை மறைத்துவிடுங்கள். அந்த எண்ணும் ஒரு ரிசீவரும் கையில் இருந்தால், வேட்டைக்காரரும் நம்மைப் போலவே அந்த விலங்கின் பக்கத்தில் போய் நிற்கலாம்.