பெற்றோருக்காக ஒரு வகுப்புப் பக்கம்: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

வகுப்புக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அப்புறம் எதற்குத் தனியாக ஒரு இணையப் பக்கம் என்று கேட்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர். அந்தக் குழுவையே திறந்து பாருங்கள். திங்கட்கிழமை நீங்கள் போட்ட தேர்வு அட்டவணை, புதன்கிழமைக்குள் காலை வணக்கப் படங்களுக்கும் "ஓகே டீச்சர்", "நன்றி டீச்சர்" வரிசைக்கும் அடியில் புதைந்திருக்கும். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு போனைக் கையில் எடுக்கிற அம்மா தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நாளைக்கு என்ன எக்ஸாம்?" என்று மறுபடி கேட்பார். அவர் மேல் தப்பே இல்லை, செய்தி நிற்கிற இடமாக அந்தக் குழு அமையவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, குழுவில் இருக்கிற எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரிகிறது, அது பல அம்மாக்களுக்குப் பிடிப்பதில்லை.

அதற்காகக் குழுவைக் கலைக்க வேண்டாம். கூப்பிட்டுச் சொல்வதற்குக் குழு, தேடினால் கிடைப்பதற்குப் பக்கம் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளிகள் பலவற்றில் இதற்கென்றே செயலி இருக்கிறது. நான் இங்கே சொல்வது அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு, குறிப்பாகத் தொடக்க, நடுநிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு.

முதல் வேலை கணினியில் இல்லை, தலைமையாசிரியரிடம் இருக்கிறது. என்ன போடப்போகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லி அனுமதி வாங்குங்கள். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு ஐந்து நிமிடம் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்காவது பெற்றோராக இருக்க வேண்டும், ஆகவே "உங்களுக்கு எந்தத் தகவல் கிடைக்காமல் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று கேட்பதற்கு அதைவிடச் சரியான இடம் கிடையாது. அங்கே வருகிற பதில்கள்தான் உங்கள் பக்கத்தின் தலைப்புகள்.

பக்கத்தை உருவாக்குவது

இணையப் பக்கம் அமைக்க கூகுள் தருகிற கருவியான கூகுள் சைட்ஸ் போதும். காசு கிடையாது, நிரல் எழுதத் தெரிய வேண்டாம், பவர்பாயிண்டில் ஒரு ஸ்லைடு செய்யத் தெரிந்தவர்கள் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். ஆனால் உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்காதீர்கள். வகுப்புக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்து, அதிலிருந்து செய்யுங்கள். உங்கள் குடும்பப் படங்களும் மாணவர் விவரங்களும் ஒரே டிரைவில் (கூகுள் கணக்கோடு வரும் இணையச் சேமிப்பிடம்) கலக்காது, நாளைக்கு மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் கிடைத்தால் அடுத்து வருகிற ஆசிரியரிடம் அப்படியே ஒப்படைக்கவும் முடியும். இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் உண்டு, எழுத்துக்கும் சில ஒலிப்பதிவுகளுக்கும் தாராளம்.

பக்கத்தை முதலில் அமைக்கக் கணினி வேண்டும், பள்ளி ஹைடெக் லேபிலோ லேப்டாப்பிலோ செய்யலாம். சைட்ஸை போனில் திருத்துவது பெரிய தொல்லை, அதனால்தான் ஆர்வமாகத் தொடங்கியவர்கள்கூட ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. "இந்த வாரம்" என்று ஒரு கூகுள் டாக் உருவாக்கி, அதை டிரைவிலிருந்து பக்கத்துக்குள் செருகிவிடுங்கள். அதற்குப் பிறகு வாராவாரம் பக்கத்தைத் தொடவே வேண்டாம், போனில் டாக்ஸ் செயலியைத் திறந்து எழுதினால் பக்கத்தில் தானாக மாறிவிடும், பஸ்ஸில் போகும்போதுகூட எழுதிவிடலாம். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். அந்த டாக்கின் பகிர்வு அமைப்பில் "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோருக்கு அனுமதி கேட்கும் திரைதான் வரும். செருகிய பெட்டியின் உயரத்தைக் கீழே நன்றாக இழுத்துவிடுங்கள், சின்னப் பெட்டிக்குள் விரலால் நகர்த்திப் படிப்பது போனில் எரிச்சலாக இருக்கும்.

பப்ளிஷ் செய்யும்போது முகவரி கேட்கும். சுருக்கமாக, ஒரு பாட்டிக்குக்கூட எழுத்துக்கூட்டிச் சொல்லக்கூடியதாக வையுங்கள். அதே இடத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு பெட்டி இருக்கும், மறக்காமல் அதில் டிக் போடுங்கள். ஆனால் அது பூட்டு அல்ல, இணைப்பு கையில் இருக்கிற யாரும் பார்க்க முடியும். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் ஜிமெயில் முகவரி வாங்கி அவர்களுக்கு மட்டும் திறந்துவிடும் வழியும் சைட்ஸில் உண்டு, ஆனால் பாஸ்வேர்டு மறந்தவர்கள், தம்பியின் போனில் பார்ப்பவர்கள் என்று பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். என் கருத்து, பக்கத்தைத் திறந்தே வைத்து, ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை என்கிற விஷயங்களை மட்டும் அதில் எழுதுவதுதான்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் இன்னும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை நகலெடுத்து ஒட்டினால் பெற்றோரின் போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிக்கோடுக்கு மாறச் சொல்லி 2010இல் தமிழக அரசே ஆணை போட்டுவிட்டது, ஆகவே யூனிக்கோடில் எழுதுங்கள், பழையதை மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தட்டச்சே வேண்டாம் என்றால் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுங்கள், அதுவே எழுதும், பெயர்ச்சொற்களையும் சந்தியையும் மட்டும் சரிபார்த்தால் போதும்.

என்ன எழுதுவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நிறைய வகுப்புப் பக்கங்களைத் திறந்தால் பள்ளியின் பெருமை, விருது, ஆண்டு விழாப் படங்கள் என்று வரிசையாக வரும், நாளைக்குக் குழந்தை என்ன எடுத்துப்போக வேண்டும் என்பது எங்கேயும் இருக்காது. பெற்றோர் வருவது அதற்குத்தான். ஆகவே பக்கத்தின் உச்சியில் "இந்த வாரம்", அதற்குக் கீழே தேதி, அதற்குக் கீழே நான்கு விஷயம்: என்ன பாடம் நடக்கிறது, என்ன வீட்டுப்பாடம், என்ன தேர்வு, என்ன கொண்டுவர வேண்டும். வேறு எதுவும் அதற்கு மேலே வரக்கூடாது, பள்ளிச் சின்னம்கூடச் சின்னதாக இருக்கட்டும்.

எழுதுகிற விதமும் முக்கியம். "வளரறி மதிப்பீடு (ஆ), கணக்கு, அலகு 2" என்று எழுதினால் நமக்குப் புரியும், பனியன் கம்பெனியில் வேலை செய்கிற அப்பாவுக்குப் புரிய வேண்டியதில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வெள்ளிக்கிழமை கணக்கில் சின்னத் தேர்வு. பின்னங்களைக் கூட்டுவது, கழிப்பது. புத்தகத்தில் இருக்கிற பயிற்சிக் கணக்குகளை ஒரு முறை போட்டுப் பார்த்தால் போதும்." எந்த நாள், எது, எவ்வளவு என்ற மூன்றும் இருந்தால் பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள்.

அடுத்து ஒரு வரி சேர்க்கச் சொல்வேன், எனக்கு இந்த வரிதான் பக்கத்திலேயே முக்கியம்: "வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது". பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அம்மா அப்பாக்கள், "நமக்கு என்ன தெரியும், டீச்சர் பார்த்துப்பாங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளைமேல் அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, எங்கே தொடுவது என்று தெரியாத தயக்கம் அது. அவர்களால் முடிகிற ஒரு வேலையைக் கொடுங்கள். "இந்த வாரம் நிறுத்தல் அளவை படிக்கிறோம். மளிகை வாங்கும்போது பாப்பாவைக் கூட்டிப்போய், கால் கிலோ எத்தனை கிராம் என்று கேளுங்கள்." "தமிழில் ஊர்ப்பெயர்கள் பாடம். உங்கள் ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தாத்தாவிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்." இதைப் படிக்கிற அம்மா அன்றைக்குத் தன் பிள்ளையின் படிப்புக்குள் வந்துவிடுகிறார்.

தமிழகப் பாடநூல்களில் 2018இல் தொடங்கிய புதிய பதிப்பிலிருந்து க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்படுகின்றன, ஆனால் அதை ஸ்கேன் செய்து பார்க்கிற வீடுகள் குறைவு. அந்த வாரப் பாடத்துக்குரிய வீடியோவின் இணைப்பை மட்டும் எடுத்து நீங்களே பக்கத்தில் போட்டுவிடுங்கள். ஒன்று போதும், பத்து இணைப்பு போட்டால் ஒன்றையும் திறக்கமாட்டார்கள்.

வாசிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வெளியூரில் வேலைக்குப் போன குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்காக அதே செய்தியை ஒரு நிமிடம் போனில் பேசிப் பதிவுசெய்து, டிரைவில் ஏற்றி, பக்கத்தில் செருகுங்கள். டீச்சர் குரலைக் கேட்பதில் இருக்கிற நெருக்கம் எழுத்தில் வராது. வெளிமாநிலத் தொழிலாளர் குழந்தைகள் படிக்கிற பள்ளி என்றால், வாக்கியங்களைச் சின்னதாக எழுதுங்கள், குரோமின் மொழிபெயர்ப்பு நீண்ட தமிழ் வாக்கியங்களைக் கன்னாபின்னா என்று மாற்றிவிடும்.

எதைப் போடவே கூடாது

மதிப்பெண் பட்டியல், ரேங்க், வராதவர் பெயர், காசு கட்டாதவர் பெயர், உதவித்தொகைப் பட்டியல், சாதிச் சான்றிதழ் தராதவர் பட்டியல். இவற்றில் ஒன்றைக்கூட எந்த வடிவத்திலும் போடாதீர்கள், பெயரின் முதலெழுத்து போட்டாலும் வகுப்பில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். ஒரு குழந்தையைப் பற்றிய விஷயம் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு மட்டும், போனிலோ நேரிலோ.

படங்கள் விஷயத்தில் ஆசை அதிகம் வரும், அங்கேதான் நிதானம் வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளில் "என் குழந்தையின் முகம் தெரியும் படம் போடலாம் / வேண்டாம்" என்று அச்சடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றவரிடம் காரணம் கேட்காதீர்கள், அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். என்னைக் கேட்டால் முகமே வேண்டாம். வரைந்த படம், செய்த மாதிரி, மண்ணில் விதை ஊன்றுகிற கைகள் இவையே அழகாக இருக்கும். சுற்றுலா போகிறீர்கள் என்றால் எந்த நேரத்துக்கு எங்கே இருப்போம் என்பதையும் பொதுப் பக்கத்தில் எழுத வேண்டாம், அது குழுவில் போகட்டும்.

மழை விடுமுறையும் பக்கத்துக்குரியது அல்ல. நவம்பர் மாதம் விடியற்காலையில் ஆட்சியர் அறிவிப்பார், அது டிவியிலும் குழுவிலும் நொடியில் வந்துவிடும், நீங்கள் பக்கத்தைத் திருத்துவதற்குள் மாற்றி அறிவிப்பும் வந்திருக்கும். உறுதியான விஷயம் மட்டும் பக்கத்தில் இருந்தால்தான் பெற்றோர் அதை நம்புவார்கள்.

வாராவாரம்

ஒரு நாளை முடிவுசெய்து, அந்த நாளை மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை நல்லது, சனி ஞாயிறில் தேவையான அட்டை, கலர் பென்சில் வாங்க நேரம் கிடைக்கும். திருத்தி முடித்ததும் குழுவில் வெறும் இணைப்பை வீசாமல், அவசரமான இரண்டு வரியை எழுதி, கீழே இணைப்பைப் போடுங்கள். டேட்டா தீர்ந்து மெதுவாக ஓடும் போன் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு வரியாவது போய்ச் சேரும். குழுவின் விவரப் பகுதியிலும் இணைப்பை ஒட்டி வைத்துவிட்டால் பிறகு யாரும் தேட வேண்டியதில்லை. நடுவில் யாராவது ஏதாவது கேட்டால், கோபப்படாமல் பதிலைச் சொல்லி, பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள், கொஞ்ச நாளில் அவர்களே அங்கே போய்ப் பார்க்கப் பழகிவிடுவார்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடு ஒன்றாவது இருக்கத்தான் செய்யும். "இந்த வாரம்" பகுதியை ஏ4 தாளில் அச்சிட்டு, பிள்ளையை விட வருகிறவர்கள் நிற்கிற கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், அந்த வீட்டுக் குழந்தையிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம், நோட்டுக்குள் வைத்துக் கொடுங்கள்.

அவர்களும் பேச வேண்டும்

நாம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது நோட்டீஸ் போர்டு. பக்கத்தின் அடியில் ஒரு கூகுள் ஃபார்ம் வையுங்கள், மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்: குழந்தையின் பெயர், சொல்ல விரும்புவது, நான் போன் செய்ய வேண்டுமென்றால் எப்போது. மின்னஞ்சல் கேட்கும் அமைப்பையும், ஒருவர் ஒரு முறைதான் நிரப்பலாம் என்ற அமைப்பையும் அணைத்துவிடுங்கள், இரண்டாவது இருந்தால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும், பாதிப்பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். புதிய பதில் வந்தால் மின்னஞ்சல் வரும்படியும் செய்துகொள்ளலாம். பதில்கள் சேரும் தாளை மட்டும் யாருடனும் பகிராதீர்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதத் தயங்குகிற விஷயங்கள், "பையன் பத்து நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை", "அவங்க அப்பா இப்போ எங்களோட இல்லை" என்பதெல்லாம் இந்த வழியாகத்தான் வரும். வந்தால் அடுத்த நாளே கூப்பிடுங்கள். ஒரு முறை பதில் இல்லாமல் போனால் அந்த அம்மா மறுபடி எழுதமாட்டார்.

எப்போது போன் செய்யலாம் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், மாலை ஐந்து முதல் ஆறு என்பது மாதிரி. இரவு பத்து மணிக்கு வருகிற அழைப்புகள் குறையும், பெற்றோருக்கும் "தொந்தரவு பண்றோமோ" என்ற சங்கடம் இருக்காது.

ஏப்ரல் மாதம் முடியும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, ஃபார்மில் சேர்ந்த பதில்களை அழியுங்கள், டிரைவில் இருக்கிற படங்களையும் ஒலிப்பதிவுகளையும் நீக்குங்கள். பக்கத்தின் அமைப்பை மட்டும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு பழையதை வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், ஜூனில் புது வகுப்புக்கு அந்த நகலிலேயே தேதியை மாற்றித் தொடங்கலாம்.