பிறைநிலா விழுந்த டிவிடி

தண்டையார்பேட்டை அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு வீடியோவைப் பத்து டிவிடியில் போட்டு, மேலே அவள் படத்தையும் அச்சடிக்க நினைத்தேன். முதல் வட்டிலேயே படம் இடப்பக்கம் ஒதுங்கி, வலது ஓரத்தில் பிறைநிலா மாதிரி வெள்ளை நின்றது. நடுவில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வளையத்தில் மை ஏறி, விரல் பட்டதும் ஈஷிக்கொண்டது. பட்டுப்பாவாடைப் பச்சை என் கட்டைவிரலில்!

வட்டு 120 மி.மீ., நடு ஓட்டை 15. ஆனால் மை குடிக்கும் வெள்ளைப் பூச்சு என் வட்டில் 23-இல்தான் தொடங்குகிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். பிரிண்டர் மென்பொருளில் படத்தின் உள்விட்டம் 24, வெளிவிட்டம் 117 என்று மாற்றினேன். தாள் வகையையும் டிவிடி என்று ஆக்கினேன். அப்புறம் படத்தை வலப்பக்கம் 2 மி.மீ. நகர்த்தினேன். சோதனைக்கு, பதிவு ஆகும்போது கெட்டுப்போன வட்டுதான். சரியாக உட்கார்ந்தது. கடற்காற்று ஈரம் வேறு. ஒரு நாள் காயவிட்டே உறையில் போட்டேன்.